லாக்ஸ்டன்: வேலியில்லா வயல்களின் ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பகுதிக்கு வரும் நண்பர்களையும் உறவினர்களையும் லாக்ஸ்டன் என்ற சிற்றூருக்கு அழைத்துச் செல்வது எனக்கு வழக்கம். வயலோரத்தில் நின்று பார்க்கும்போது பெரும்பாலும் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. காரில் திரும்பும்போதுதான் கேள்விகள் தொடங்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறாததால், அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இவ்வளவு சின்ன ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

முதல் பார்வைக்கு எதுவும் இல்லை என்பதே உண்மை. நியூவார்க் நகருக்கு வடக்கே, ஷெர்வுட் காட்டுப் பகுதிக்குக் கிழக்கே, களிமண் மேடுகளுக்கு நடுவில் ஒரு தெரு, அதன் இருபுறமும் செங்கல் பண்ணை வீடுகள், ஒரு தேவாலயம், டவ்கோட் இன் என்ற ஒரு மதுவிடுதி. குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் ஊரைத் தாண்டி வயல்வெளிக்குப் போனால், இங்கிலாந்தில் வேறெங்கும் கண்ணுக்குப் பழகிப்போன உயிர்வேலிகள் திடீரென்று காணாமல் போய்விடும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வயல்; அதற்குள் பல விவசாயிகளின் நிலம் நீண்ட துண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது.

இடைக்காலத்தில் நடு இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் பயிரிடப்பட்டது. டெவன் பகுதியில் பிரான்டன் ஊரின் பெருவயலிலும், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் இதன் மிச்சங்கள் உண்டு என்றாலும், துண்டு நிலங்களோடு சேர்த்து அவற்றை ஆளும் ஊர் நீதிமன்றமும் இன்றுவரை வேலை செய்துகொண்டிருப்பது லாக்ஸ்டனில் மட்டுமே.

திறந்தவயல் என்றால் எல்லோரும் சேர்ந்து உழைத்து விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்வதா?

இல்லை. இதுதான் நான் அதிகம் கேட்ட தவறான எண்ணம். ஒவ்வொரு துண்டையும் ஒரு பண்ணைக்காரர் தம் செலவில் உழுது, விதைத்து, அறுத்து, விளைச்சலைத் தாமே எடுத்துக்கொள்கிறார், நட்டமும் அவருடையதே. கூட்டுப்பண்ணை என்ற சொல் இதற்குச் சற்றும் பொருந்தாது.

பொதுவாக இருப்பது ஒழுங்கு. எந்தப் பெருவயலில் எந்த ஆண்டு என்ன பயிர், எது தரிசு, எந்தப் பாதை எவ்வளவு அகலம், எந்த வாய்க்காலை யார் தூர்வார வேண்டும் என்பவற்றைத் தனி ஒருவர் முடிவு செய்ய முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் கோதுமை போட்டிருக்கும்போது நான் மட்டும் என் துண்டில் வேறு சுழற்சியைப் பின்பற்றுகிறேன் என்று சொல்வதற்கு இங்கே இடமில்லை.

நிலத்தை ஒரே இடத்தில் கொடுக்காமல் இப்படித் துண்டு துண்டாகச் சிதறடித்தது ஏன்?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் நியாயம்: நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கட்டும் என்பது. இதோடு இடர்ப்பாட்டைப் பரப்பி வைப்பது என்ற காரணத்தையும் பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள். மழை மிகுந்து பள்ளத்து நிலம் அழுகினாலும் மேட்டு நிலத்தில் ஏதாவது தேறும். எனக்கு இந்த இரண்டாவது காரணமே வலுவானதாகத் தோன்றுகிறது. பஞ்சத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்குச் சமத்துவத்தைவிட அடுத்த அறுவடை வரை பிழைப்பதே பெரிய கவலையாக இருந்திருக்கும்.

துண்டுகள் நீளமாக இருப்பதற்குக் காரணம் கலப்பை. பல எருதுகள் பூட்டிய கனமான கலப்பையைத் திருப்புவது பெரும்பாடு என்பதால், திருப்பங்களைக் குறைக்க உழுசாலை நீட்டினார்கள். பர்லாங்கு என்று நாம் சொல்லும் அளவுக்கு ஆங்கிலத்தில் மூலப்பொருள் ‘உழுசால் நீளம்’ என்பதுதான். ஒரு பர்லாங்கு, அதாவது 220 கெஜ நீளமும் 22 கெஜ அகலமும் கொண்டது ஓர் ஏக்கர். அந்த 22 கெஜம்தான் கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் என்பதை உடன் வரும் பிள்ளைகளிடம் சொன்னால், அதுவரை சலித்துக்கொண்டிருந்தவர்களும் சற்றுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்று வயல் சுழற்சி என்கிறீர்களே, அது எப்படி நடக்கிறது?

தெற்கு வயல், ஆலை வயல், மேற்கு வயல் என்று இன்று மூன்று பெருவயல்கள் இருக்கின்றன. ஓர் ஆண்டு ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் கோதுமை விதைக்கப்படும். அடுத்த ஆண்டு அதே வயலில் வசந்தகாலப் பயிர். மூன்றாம் ஆண்டு தரிசு. எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் மூன்று வயல்களும் மூன்று வெவ்வேறு நிலைகளில் இருக்கும்.

தரிசு ஆண்டில் முன்பு நிலத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஊர்க் கால்நடைகளை மேயவிட்டார்கள். அவற்றின் சாணமே எரு. இப்போது அந்த ஆண்டில் புல் அல்லது தீவனப் பயிர் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. அறுவடை முடிந்த அரிதாளில் எல்லோருடைய ஆடுமாடுகளும் சேர்ந்து மேய வேண்டும் என்பதால்தான் துண்டுகளுக்கு நடுவே வேலி கூடாது என்றாயிற்று. வேலியில்லாமை அழகுக்காக ஏற்பட்டதன்று.

வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரன் ஆண்டுக்கு ஒரு சால் தள்ளி உழுதுவிட மாட்டானா?

உழுவான். நிலம் வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். லாக்ஸ்டன்காரர்களும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதுவே. அதற்கு அவர்கள் கண்ட விடை, அந்த வயல்களில் நிலம் வைத்திருப்பவர்களே அடங்கிய ஜூரி என்ற குழுவை ஆண்டுதோறும் வயலுக்குள் அனுப்புவது.

நவம்பர் இறுதியில் ஒரு வியாழக்கிழமை, அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்கு ஜூரியினர் போகிறார்கள். டிராக்டரின் பின்வண்டியில் கூர்சீவிய மர முளைகள் குவிந்திருக்கும். களிமண் காலணியின் அடியில் அப்பி, பத்து அடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலும் இரண்டு மடங்கு கனக்கும். துண்டின் முனையில் ஒருவர் முளையைப் பிடித்துக்கொண்டு, எதிர்முனையை நோக்கி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். இன்னொருவர் கை அசைத்து இப்படி அப்படி என்று காட்டுவார். நேராயிற்று என்றதும் சம்மட்டி விழும். யாராவது பொதுப்பாதையில் ஒரு முழம் உழுதிருந்தால், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருந்தால், புல்தரையைக் கலப்பை கடித்திருந்தால் அது அங்கேயே குறித்துக்கொள்ளப்படும். பிறகு எல்லோரும் மதுவிடுதியில் சாப்பிட்டுவிட்டு, குறித்தவற்றுக்கு என்ன அபராதம் என்று பேசி முடிவு செய்கிறார்கள்.

நீதிமன்றம் மதுவிடுதியிலா கூடுகிறது? அது வெறும் சடங்குதானே?

மதுவிடுதியில்தான், மேலே சொன்ன டவ்கோட் இன்னில், ஜூரி வயலைப் பார்வையிட்ட அடுத்த வாரம். ‘கோர்ட் லீட்’ என்பது அதன் பெயர். நிலப்பிரபுவின் சார்பில் ஸ்டூவர்ட் எனப்படும் அலுவலர் தலைமை ஏற்பார், பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும், வராதவர்கள் பெயருக்குச் சில பென்னி கட்ட வேண்டும். பிறகு ஜூரியின் அறிக்கை படிக்கப்பட்டு, அபராதங்கள் உறுதியாகி, அடுத்த ஆண்டுக்கான ஜூரி பைபிளின் மேல் உறுதிமொழி எடுக்கும்.

சடங்கு என்று சொல்வது தவறு. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பழைய பண்ணை நீதிமன்றங்கள் பல ஊர்களில் எஞ்சியிருந்தன. ஊர்வலமும் விருந்துமாக அவை இன்றும் கூடுகின்றன. ஆனால் 1977ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் சட்ட அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு அளித்தது. காரணம் எளியது: மற்ற ஊர்களில் அந்த மன்றம் ஆள்வதற்கு வயல் இல்லை, இங்கே இருக்கிறது.

அபராதம் சில பவுண்டுதான் என்றால் யார் பயப்படப் போகிறார்கள்?

தொகைக்கு யாரும் பயப்படுவதில்லை. தன்னோடு பள்ளிக்குப் போனவர்களும், தன் டிராக்டர் பழுதானால் தங்களுடையதை இரவல் கொடுப்பவர்களும் நிறைந்த அறையில், தன் பெயரும் தான் செய்த தவறும் உரக்கப் படிக்கப்படுவதுதான் தண்டனை. மூன்று வீடு தள்ளி இருப்பவரிடம் ஓர் ஆண்டு முழுவதும் முகம் கொடுக்க வேண்டும் அல்லவா?

ஜூரியில் இருப்பவர்களும் அதே வயலில் நிலம் வைத்திருப்பவர்கள்தானே? இதில் நடுநிலை ஏது?

கூர்மையான கேள்விதான். வெளியாள் நடுவர் என்ற எண்ணத்தோடு பார்த்தால் இது குறையாகவே தெரியும். ஆனால் இந்த முறை ஒருபோதும் வெளியாளை நம்பி ஏற்பட்டதன்று. எல்லை எங்கே ஓடுகிறது, எந்த மூலையில் நீர் தேங்கும், யார் கலப்பை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அங்கே உழுபவர்களுக்குத்தான் தெரியும். இந்த ஆண்டு நீங்கள் என் துண்டில் முளை அடித்தால், மற்றோர் ஆண்டு நான் உங்கள் துண்டில் முளை அடிப்பேன் என்ற பரஸ்பர எச்சரிக்கைதான் நடுநிலைக்கு அங்கே இருக்கும் உத்தரவாதம்.

மற்ற ஊர்களில் எல்லாம் இது எப்படி மறைந்தது? இங்கு மட்டும் ஏன் தங்கியது?

வேலியடைப்பு என்ற இயக்கத்தால் மறைந்தது. துண்டுகளையும் பொது மேய்ச்சலையும் ஒன்றுதிரட்டி, ஒவ்வொருவருக்கும் தனி நிலமாகப் பிரித்து வேலி போடுவது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்களை நிறைவேற்றியது. அவற்றுக்குள் அடங்கிய நிலம் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விளைச்சல் கூடியது என்பார்கள். ஒரு பசுவும் நான்கு ஆடும் வைத்துப் பொது மேய்ச்சலை நம்பியிருந்தவர்கள் கூலிக்காரர்களாயினர் என்பதும் அதே கதையின் மறுபக்கம். நாடாளுமன்றச் சட்டத்துக்கு வெளியே, உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசி அடைத்துக்கொண்ட நிலம் இந்தக் கணக்கில் சேராது.

லாக்ஸ்டன் தப்பியதற்கு யாருடைய தொலைநோக்கும் காரணமன்று. ஊர் நிலம் பெரும்பாலும் இரண்டு பிரபுக் குடும்பங்களிடம் பிரிந்து கிடந்தது; மான்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் பங்கீட்டில் ஒத்துப்போகவில்லை. வேலியடைப்புக்குச் செலவும் அதிகம், மண்ணும் அவ்வளவு ஆசை காட்டும் மண்ணன்று. ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தார்கள், கடைசியில் ஒத்திப்போட்டதே அரிய பொருளாகிவிட்டது. பாதுகாக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் எல்லாம் 20ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்ததுதான்.

1635இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறதாமே?

ஆம், ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர், அப்போது ஊருக்கு உரிமையாளராக இருந்த லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காகத் தயாரித்தது. ஊரின் ஒவ்வொரு துண்டையும், அது யாருடையது என்பதையும் காட்டுவதோடு நில்லாமல், வெற்றிடங்களில் சிற்றுருவங்களையும் தீட்டியிருக்கிறார்கள்: கலப்பையின் பின்னால் நடப்பவர், கதிரறுப்பவர்கள், மானை விரட்டும் வேட்டைக்காரர்கள், காற்றாலைகள். அரசாங்க அளவைப் படங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு விருந்து.

இந்தக் கோர்ட்டனுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் அனுப்ப, அதே 1635இல் முதலாம் சார்லஸ் மன்னரிடம் அனுமதி பெற்ற குழுவின் பின்னால் இருந்த பணக்காரர் அவர்தான். அவர்களுடைய கப்பல்கள் 1636இல் கோவாவை அடைந்தன. ஆனால் அதே ஆண்டில் கோர்ட்டன் இறந்துவிட்டார். நாட்டிங்ஹாம்ஷயரின் களிமண்ணை அளந்ததும் மேற்குக் கடற்கரைக்குக் கப்பல் விட்டதும் ஒரே பணப்பெட்டியிலிருந்து என்று நினைத்தால் உலகம் அன்றே எவ்வளவு சுருங்கியிருந்தது என்று தெரிகிறது.

அப்படியானால் இன்று நாம் பார்ப்பது 1635இல் இருந்த அதே வயல்தானா?

அதே இடம், அதே சுழற்சி. ஆனால் அதே வயல் என்று சொல்ல முடியாது. அன்று நான்கு பெருவயல்கள் இருந்தன, துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இடையில் ஓரங்களில் இருந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாக வேலிக்குள் போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இல்லாவிட்டால் இயந்திரங்கள் உள்ளே திரும்பவே முடியாது. இன்று திறந்தவயலாக எஞ்சியிருப்பது 500 ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பண்ணைக்காரருக்கும் இதற்கு வெளியே வேலியிட்ட நிலமும் உண்டு. பிழைப்பின் பெரும்பகுதி அதில்தான்.

இதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றமடைகிறார்கள். எனக்கு அந்த ஏமாற்றம் புரிவதில்லை. மாறாமல் கண்ணாடிப் பேழைக்குள் இருந்திருந்தால் அங்கே ஜூரிக்கு வேலை இருந்திருக்காது.

சைக் என்று ஏதோ புல்தரையைக் காட்டினீர்களே, அது என்ன?

வயலுக்குள் ஓடைபோலத் தாழ்ந்தும் ஈரமாகவும் கிடப்பதால் கலப்பை போக முடியாத புல்பட்டைகளுக்கு அந்த ஊரில் ‘சைக்’ என்று பெயர். அங்கே விளையும் புல்லை ஆண்டுதோறும் கோடையில் பண்ணைக்காரர்களுக்குள் ஏலம் விடுவார்கள். நூற்றாண்டுகளாகக் கலப்பையும் உரமும் படாததால் பழைய புல்வெளிப் பூச்செடிகள் அங்கே தங்கியிருக்கின்றன. அதனால் அவை இயற்கைப் பாதுகாப்புக்குரிய இடமாகவும் அறிவிக்கப்பட்டுள்ளன. ஜூரி இவற்றின் ஓரத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குக் காரணம் புரிந்திருக்கும்.

ஊர் இப்போது யாருக்குச் சொந்தம்?

தோர்ஸ்பி பண்ணைச் சொத்துக்கு. மான்வர்ஸ் பிரபுக்களின் பியர்பான்ட் குடும்பம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வைத்திருந்த ஊரை, திறந்தவயல் முறை கெடாமல் காக்கும் நோக்கத்தோடு வேளாண் அமைச்சகம் 1952இல் வாங்கியது. 1981இல் அது கிரவுன் எஸ்டேட் எனப்படும் அரசுடைமை நில நிறுவனத்துக்குக் கைமாறியது. 2020இல் மீண்டும் பியர்பான்ட் வழியினரின் தோர்ஸ்பி சொத்துக்கே வந்து சேர்ந்தது. பண்ணைக்காரர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள். குத்தகையோடு வயலின் ஒழுங்குக்குக் கட்டுப்படும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

தெருவோரத்தில் சுவர் எழுப்பிய சின்ன அடைப்பு எதற்கு?

அது கொண்டித்தொழு. பயிரில் புகுந்த மாட்டையும் ஆட்டையும் பிடித்து அடைத்து, உரிமையாளர் தண்டம் கட்டிய பிறகு விடுவிக்கும் இடம். அதற்குப் பொறுப்பாளரான ‘பிண்டர்’ என்பவரை மேலே சொன்ன நீதிமன்றமே நியமிக்கும். வேலியில்லாத ஊரில் கொண்டித்தொழு இல்லாமல் முடியாது.

கோட்டை, தேவாலயம் எல்லாம் பழையவையா?

கோட்டை என்று சொன்னதும் கல்மதிலை எதிர்பார்க்க வேண்டாம். நார்மன் காலத்தில் மண்ணைக் குவித்து எழுப்பிய மேடும் அகழிகளும் புல் மூடிக் கிடக்கின்றன; ஆனால் நாட்டிங்ஹாம்ஷயரில் அந்த வகைக் கோட்டைகளில் இதைவிட நன்றாக எஞ்சியது வேறில்லை. அரசனின் ஷெர்வுட் காட்டைக் காவல்புரியும் பரம்பரை உரிமை பெற்றிருந்த குடும்பம் இங்கிருந்துதான் ஆட்சி செய்தது. நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே ஊர் இருக்கிறது: நார்மன் படையெடுப்புக்கு முன் டோச்சி என்பவரிடமும் பின்னர் ஜெஃப்ரி ஆல்செலினிடமும் இருந்ததாக.

தூய மிக்கேல் தேவாலயத்தை 19ஆம் நூற்றாண்டில் மான்வர்ஸ் பிரபு திருத்திக் கட்டும்போது நீளத்தைக் குறைத்துவிட்டார். உள்ளே 14ஆம் நூற்றாண்டின் எவரிங்ஹாம் குடும்பத்துக் கல்லறைச் சிலைகளைத் தவறாமல் பாருங்கள். ஆடம் டி எவரிங்ஹாமுக்கும் முதல் மனைவிக்கும் கல். இரண்டாம் மனைவி மார்கரெட்டுக்கு மட்டும் கருவாலி மரம்.

லாக்ஸ்டன் என்று தேடினால் யூத இனப்படுகொலை அருங்காட்சியகம் வருகிறதே, அது வேறு ஊரா?

அதே ஊர்தான். தேசிய ஹோலோகாஸ்ட் மையமும் அருங்காட்சியகமும் 1995இல் ஊருக்கு அருகே திறக்கப்பட்டன. திறந்தவயலோடு அதற்குத் தொடர்பில்லை. யூதரல்லாத ஸ்மித் குடும்பத்தினர் இஸ்ரேலின் யாட் வஷெம் நினைவகத்தைப் பார்த்துவிட்டு வந்து தங்கள் இடத்தில் தொடங்கினார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் உண்டு. மனநிலை இடம் கொடுக்காது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டிப் பாழாக்கிவிடுவார்கள் என்று பொருளாதாரப் பாடத்தில் படித்தோமே?

அது காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் 1968இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பாடத்துக்கு வந்தது. ஒவ்வோர் ஆயனும் ‘இன்னும் ஒரு மாடு’ என்று சேர்த்துக்கொண்டே போக, மேய்ச்சல் நிலம் அழியும் என்பது அவர் காட்டிய உதாரணம். ஆனால் இங்கிலாந்தின் பொது மேய்ச்சலில் யாரும் விரும்பியபடி மாடு சேர்த்ததில்லை. யாருக்கு எத்தனை கால்நடை என்ற வரம்பு இருந்தது, மீறினால் மேலே கண்ட மன்றம் தண்டித்தது. கட்டுப்பாடற்ற நிலத்துக்கும் பொது நிலத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உலகெங்கும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அதற்காக லாக்ஸ்டனை அவர் கருத்துக்கு முழுச் சான்றாகக் காட்டவும் நான் தயங்குவேன். ஒரே நிலவுடைமையாளர், அவருக்குப் பின்னால் நாடாளுமன்றத்தின் சட்ட விலக்கு, அரசின் கைத்தாங்கல் ஆகியவை இல்லாமல் 20ஆம் நூற்றாண்டை இந்த வயல் தாண்டியிருக்குமா என்பது ஐயமே. முன்பு சொன்ன வேலியடைப்பு அலையில், ஊர்மன்றங்கள் நன்றாக நடந்த ஊர்களும் சேர்ந்தேதான் அடித்துச் செல்லப்பட்டன.

நேரில் போக எந்த மாதம் நல்லது?

துண்டுகளின் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், கோதுமை முளைவிட்டு வயல் பச்சைக் கோடுகளாகத் தெரியும் நவம்பர், டிசம்பர். சைக் புல்வெளிப் பூக்களுக்கு ஜூன். மதுவிடுதிக்குப் பக்கத்தில் உள்ள சிறு பார்வையாளர் மையத்தில் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டு வயலுக்குப் போவது நல்லது. பொதுப்பாதையை விட்டு விதைத்த நிலத்தில் கால் வைக்காதீர்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும், அதைக் கழற்றிப் போட ஒரு பையும் காரில் இருக்கட்டும். அந்தக் களிமண் ஒரு முறை மிதியடியில் ஏறினால் வாரக்கணக்கில் போகாது.